ஊரின் பள்ளிக்கூடமும் அரசின் பாடசாலையும்: மட்டக்களப்பு வாவிக்கரை முஸ்லிம் கல்வியில் ஒரு பழைய கணக்கு

சில வருடங்களுக்கு முன்னர் வாவியோரத்துப் பாடசாலையொன்றில் நடந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மாதாந்த அங்கத்துவப் பணம் பற்றிய பேச்சு. பின்வரிசையில் இருந்த ஒரு உம்மா எழும்பினார். கணவர் வாவியில் வலை போடுபவர்; மூன்று பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். "சேர், இலவசக் கல்வி என்டுதானே சொல்றாங்க. பொறகு என்னத்துக்கு மாசா மாசம் காசு?" என்று கேட்டார். அதிபர் கோபப்படவில்லை. "இது அரசாங்கத்துட பள்ளிக்கூடம் இல்ல ராத்தா, நம்மட பள்ளிக்கூடம். நாமதான் பாக்கோணும்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு வசனங்களும் என்னை விடவில்லை. 'நம்மட பள்ளிக்கூடம்' என்ற சொல்லுக்கு நம் பகுதியில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 'இலவசக் கல்வி' என்பதற்கும் உண்டு. பாடசாலைகளை ஊர் மக்களிடமே ஒப்படைக்க வேண்டும், பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரிவுரிமை வேண்டும், போட்டி இருந்தால்தான் தரம் உயரும் என்றெல்லாம் இன்று கல்வி மாநாடுகளில் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவை இந்த மண்ணில் ஏற்கனவே நடந்து முடிந்தவை. நமக்கு அவை என்ன செய்தன என்பதைத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓதப்பள்ளியும் குடியும்

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி தொடக்கம் தெற்கே கல்முனை வரையுள்ள நம் ஊர்களில் முதல் பாடசாலை ஓதப்பள்ளிதான். லெப்பையின் வீட்டு விறாந்தையிலோ பள்ளிவாசலின் ஒரு மூலையிலோ பிள்ளைகள் வட்டமாக இருந்து ஓதினார்கள். அங்கே சம்பளம் என்ற ஒன்று இருக்கவில்லை. அறுவடையில் கொஞ்சம் நெல், பெருநாளைக்கு உடுப்பு, பிள்ளை குர்ஆனை முடித்தால் வீட்டார் கொடுக்கும் சந்தோசப் பணம். இயலாதவன் பிள்ளையை லெப்பை திருப்பி அனுப்பியதாக என் மூத்தம்மா சொல்லிக் கேட்டதில்லை.

இதன் நிர்வாகம் முழுக்க ஊரிடமே இருந்தது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி முறை இருந்ததை வாசகர் அறிவர். ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர். மரைக்காயர்மார் சேர்ந்து பள்ளிவாசலைப் பரிபாலித்தனர். லெப்பையை வைப்பதும் மாற்றுவதும் அவர்கள் கையில். இன்றைக்கு உலக வங்கி அறிக்கைகளில் வரும் 'சமூகப் பங்கேற்பு' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடிக் கிடைக்காது. அரபு எழுத்தைப் பிடித்துக்கொண்டு அரபுத் தமிழையும் வாசிக்கப் பழகிய பெண்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். அரசாங்கத்தின் கண்ணுக்கு அந்த வாசிப்பு கல்வியாகத் தெரியவில்லை என்பது வேறு கதை.

குறையும் இருந்தது. குடியில் சின்னக் குடி, பெரிய குடி என்ற பேதம் உண்டு. எவருடைய சொல் பள்ளிவாசலில் எடுபடும் என்பதற்கு வயலின் ஏக்கர்க் கணக்கும் ஒரு காரணம். உள்ளூர் அதிகாரம் என்றாலே நீதியான அதிகாரம் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெறுபேற்றுக்குப் பணம்

வாவியின் நடுவே புளியந்தீவில் 1814 இல் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிப் பாடசாலை தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அதுதான். மறுவருடமே அவர் காலமாகிவிட்டார், பாடசாலை நிலைத்தது. 1873 இல் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி எழுந்தது. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் கொழும்பில் ஒரு பெரிய தீர்மானம் நடந்தது.

1865 இல் சட்டவாக்கக் கழகம் ரிச்சர்ட் மோர்கன் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 1867 இல் அதன் அறிக்கை வந்தது. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அதன்பின் 'உதவி நன்கொடை' முறை விரிந்தது. அரசு தானே எல்லா இடத்திலும் பாடசாலை கட்டத் தேவையில்லை. யார் கட்டி நடத்துகிறார்களோ அவர்களுக்குப் பணம் கொடுத்தால் போதும். அந்தப் பணத்தையும் சும்மா கொடுக்கக் கூடாது, பெறுபேற்றைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதுதான் கொள்கை.

இது நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பரிசோதகர் வருவார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றில் சோதிப்பார். எத்தனை பிள்ளைகள் எத்தனை பாடத்தில் சித்தியடைந்தார்களோ அதற்கேற்ற தொகை பாடசாலை முகாமையாளருக்குப் போகும். ஆங்கிலப் பாடசாலைக்கு விகிதம் கூட, சுயமொழிப் பாடசாலைக்குக் குறைவு. இந்த முறை இங்கிலாந்தில் 1862 இல் ரொபர்ட் லோவ் கொண்டுவந்தது. அங்கே அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் கவிஞர் மத்தியூ ஆர்னல்ட். அவர் தொழிலால் ஒரு பாடசாலைப் பரிசோதகர். இந்தச் சோதனையைத் தாமே நடத்திப் பார்த்தவர். பாடம் உயிரற்ற மனனமாகிவிட்டது என்பது அவரது முறைப்பாடு. 1890களில் இங்கிலாந்து அதைக் கைவிட்டது. காலனிகளில்தான் அதன் வாசனை நெடுநாள் நின்றது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் பாரபட்சமே இல்லை. மெதடிஸ்தரோ கத்தோலிக்கரோ சைவரோ முஸ்லிமோ, பாடசாலை வைத்துப் பிள்ளையைச் சித்தியடையச் செய்தால் பணம். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கதவு வரைக்கும் நடந்து போவதற்கு ஒரு முதல் வேண்டும். கட்டடம் கட்ட வேண்டும், ஆசிரியருக்கு முதல் வருடச் சம்பளம் கொடுக்க வேண்டும், கணக்கும் கடிதமும் எழுத ஆங்கிலம் தெரிந்த முகாமையாளர் வேண்டும். மிஷனரிக்கு இலண்டனிலிருந்து பணம் வந்தது. காத்தான்குடிக் கைத்தறிக்காரருக்கும் ஏறாவூர் வியாபாரிக்கும் எங்கிருந்து வரும்? மானியம் என்பது வேலை முடிந்த பிறகு கொடுக்கும் கூலி. தொடங்குவதற்குக் கைக்காசு இல்லாதவனுக்கு அது எட்டாது. 1880களில் கோப்பிப் பயிர் நோயால் அரசாங்கத்தின் வருமானம் விழுந்தபோது, ஆங்கிலப் பாடசாலைகளைத் தானே நடத்தும் பொறுப்பிலிருந்தும் அது கழன்றுகொள்ளத் தொடங்கியது. ஆங்கிலம் படிக்க விரும்பினால் பெரும்பாலும் மிஷன் பாடசாலைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை.

போட்டியும் உண்மையான போட்டியாக இருக்கவில்லை. ஏற்கனவே உள்ள பாடசாலைக்குக் கால் மைலுக்குள் புதிய பாடசாலை தொடங்கினால் மானியம் இல்லை என்ற விதி 1890களின் தொடக்கத்தில் வந்தது. முந்தி வந்தவனுக்குக் காவல், பிந்தி வந்தவனுக்கு வேலி. பௌத்தர்களும் சைவர்களும் இதற்கெதிராகக் குரல் கொடுத்தார்கள். சந்தை என்று பெயர் வைத்தாலும் கடை போடும் இடத்தை யாரோ ஒருவர்தான் அளந்து கொடுக்கிறார் என்பதை நம் சந்தை வியாபாரிகள் நன்றாகவே அறிவார்கள்.

நம்மவர்கள் மிஷன் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பப் பயந்தார்கள். மதம் மாறிவிடும் என்ற பயம். இந்தப் பயத்தை 'பின்தங்கிய மனப்பான்மை' என்று எழுதுவது சில ஆய்வாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. மோர்கன் குழுவின் வழிகாட்டலில் மானியம் உலகியற் பாடங்களுக்கென்று கொடுக்கப்பட்டது; சமய போதனையை முகாமையாளர் தம் விருப்பப்படி நடத்தலாம் என்று விடப்பட்டது. அப்படியிருக்கையில் ஒரு வாப்பா பயப்பட்டதில் என்ன பிழை? தெரிவுரிமை என்று சொல்லப்பட்டது உண்மையில் இரண்டு இழப்புகளுக்கு இடையிலான தெரிவு.

முதல் இருக்கும் இடத்தில் முஸ்லிம்கள் இந்த முறையைப் பயன்படுத்தவும் செய்தார்கள் என்பதை மறைக்கக்கூடாது. கண்டியில் சட்டத்தரணியாக இருந்த சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 இல் வந்துசேர்ந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும் சேர்ந்தது. கொழும்பில் வாப்பிச்சி மரைக்கார் போன்ற தனவந்தர்கள் துணைநிற்க, 1892 இல் இன்றைய ஸாஹிராக் கல்லூரி உருவானது. பெருமைப்பட வேண்டிய முயற்சி. ஆனால் அது கொழும்பு. வாவிக்கரையில் ஒரு வாப்பிச்சி மரைக்கார் இருக்கவில்லை. இருந்த கைக்காசும் மகளுக்கு வீடு கட்டுவதில் முடிந்தது. இது நம் பகுதியின் தனிக்கதை, இன்றைக்கும் முடியாத கதை. பெண் பிள்ளை மூன்று இருந்தால் மூன்று வீடு. பாடசாலைக்கு எங்கே மிச்சம்?

இலவசமானதும் கைமாறியதும்

உள்ளூராட்சி வழியான ஒரு முயற்சியும் இடையில் நடந்தது. 1905 இன் வேஸ் ஆணைக்குழுவைத் தொடர்ந்து 1906 இல் நகரப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1907 இல் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் வந்தன. மாவட்டப் பாடசாலைக் குழுக்கள் சுயமொழிப் பாடசாலைகளைக் கவனிக்க வேண்டும், பிள்ளைகளின் வரவைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பெயரளவில் உள்ளூர் அதிகாரம். குழுவின் தலைமை ஏஜண்டர் துரையிடம் இருந்தது. இதற்கு மேல் இதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை.

திருப்பம் 1940களில் வந்தது. கன்னங்கரவின் தலைமையிலான கல்வி விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளியானது. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நம் பகுதிக்கு இதே காலத்தில் இன்னொரு நன்மையும் நேர்ந்தது. யுத்தகால உணவு உற்பத்திக்காக 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இந்துக் கல்லூரியில் படித்து, சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம். நெல் விளைவிக்க வந்தவர், வயலில் நின்ற பிள்ளைகளின் படிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கிருந்த நட்பு நாடறிந்தது. வாவிக்கரையில் இராமகிருஷ்ண மிஷன் நடத்திய பாடசாலைகள் ஒரு சமூகம் ஒழுங்காக அமைப்பானால் என்ன செய்யலாம் என்பதற்கு அவர் கண்முன் இருந்த உதாரணம். சிவானந்த வித்தியாலயம் 1929 முதல் இயங்கியது. 1945 இல் அஸீஸ் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியைத் தொடங்கினார். கல்முனை அனுபவம் அதில் இல்லையென்று சொல்ல முடியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அஸீஸ் ஊர்ப் பணத்தைத் திரட்டினார். ஆனால் அதைப் பாடசாலைக்குக் கொடுக்கவில்லை, பிள்ளைக்குக் கொடுத்தார். பாடசாலையை நடத்துவது அரசின் கடமை, அதற்குமேல் ஏழைப் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பது சமூகத்தின் கடமை என்ற வேறுபாடு அதில் இருக்கிறது. நான் அவருடைய பெயரை அதிகம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

1960, 1961 ஆம் ஆண்டுகளின் இரண்டு சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசிடம் வந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுத்தீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிராவின் ஸ்தாபக அதிபர். கத்தோலிக்கர்கள் பாடசாலைகளுக்குள் குந்தியிருந்து எதிர்த்தார்கள். முஸ்லிம்களின் தரப்பிலிருந்து அப்படியான எதிர்ப்பு வரவில்லை. இழப்பதற்கு நம்மிடம் அதிகம் இல்லை என்பதே நேர்மையான விளக்கம். பின்னர் அதே அமைச்சரின் காலத்தில் முஸ்லிம் பாடசாலை என்ற தனிவகை உறுதிப்பட்டது. றமழான் விடுமுறையோடு தனித் தவணை அட்டவணை, இஸ்லாம் பாடம், அரபு மொழி, மௌலவி ஆசிரியர். ஓதப்பள்ளி வாசலில் நின்ற பயம் நீங்கியது. கிழக்கில் பெண் பிள்ளைகள் பெருமளவில் படிக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். இன்று எங்கள் பாடசாலைகளில் கற்பிக்கும் ராத்தாமார், தங்கச்சிமார் எத்தனை பேர்! அவர்களுடைய உம்மாமார் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு தலைமுறைக்குள் நடந்த தூரம் விளங்கும்.

முகாமையாளர் காலத்தை ஏக்கத்தோடு பேசுபவர்களுக்கு மூத்த ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்க்கும்படி சொல்வேன். முழுச் சம்பளத்துக்குக் கையொப்பம், கையில் கிடைப்பது அதில் குறைந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஓய்வுபெற்ற சேர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் கைமாறியதில் ஒன்று போனதும் உண்மை. கூரையில் ஓடு உடைந்தால் முன்பு ஊரில் ஒருவரிடம் போய்ச் சொல்லலாம். பிறகு கொழும்புக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

மீண்டும் வந்த சந்தை

1981 இல் கல்வி வெள்ளை அறிக்கை வந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் ரணில் விக்கிரமசிங்க. பாடசாலைகளைக் கொத்தணிகளாகச் சேர்த்து, நடுவே ஒரு மூலப் பாடசாலையை வைத்து வளங்களைப் பங்கிடுவது அதன் முக்கிய யோசனைகளில் ஒன்று. மாணவர்களும் ஆசிரியர் சங்கங்களும் இதைத் தனியார்மயத்தின் முதற்படி என்று எதிர்த்தார்கள், அது சட்டமாகவில்லை. கொத்தணி மட்டும் பல இடங்களில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. கொத்தணி யோசனையில் நல்லதும் இருந்தது என்பது என் எண்ணம். மக்கள் அந்தக் காலத்து அரசின் பொதுப்போக்கைப் பார்த்துத்தான் அதைச் சந்தேகித்தார்கள்.

அதே காலத்தில் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் பினோசேயின் ஆட்சி பாடசாலைகளை நகரசபைகளிடம் ஒப்படைத்து, பிள்ளை எங்கே போகிறதோ அங்கே பணம் போகும் முறையைக் கொண்டுவந்தது. 1988 இல் இங்கிலாந்து. 1989 இல் நியூசிலாந்து. நியூசிலாந்தில் ஒவ்வொரு பாடசாலையும் பெற்றோர் தெரிவு செய்த சபையிடம் போனது. உள்ளூர் அதிகாரத்தை இவ்வளவு தூரம் கொண்டுபோன நாடு அரிது. சிலியில் 2006 இலும் 2011 இலும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2015 இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளில் இலாபம் எடுப்பதையும் பெற்றோரிடம் பணம் வாங்குவதையும் படிப்படியாக நிறுத்தச் சட்டம் செய்தார்கள். நியூசிலாந்தும் 2018 இல் தன் முறையை மீளாய்வுக்கு உட்படுத்தியது. படித்த பெற்றோர் உள்ள இடத்தில் சபை வலுவாகவும் இல்லாத இடத்தில் நொய்ந்தும் போனது அங்கே பேசப்பட்ட குறைகளில் ஒன்று. மரைக்காயர் கதைதான், ஊர் மட்டும் வேறு.

நமக்கு 1987 இல் 13 ஆவது திருத்தமும் மாகாண சபையும் வந்தன. கல்வியின் பெரும்பகுதி மாகாணத்திடம், தேசியப் பாடசாலைகள் கொழும்பிடம். எந்த அதிபரைக் கேட்டாலும் தன் பாடசாலையைத் தேசியப் பாடசாலையாக்கவே விரும்புகிறார். அதிகாரம் கிட்ட வருவதை வரவேற்று உரையாற்றுகிறோம், பாடசாலையை மட்டும் கொழும்புக்கு அனுப்ப மனுப் போடுகிறோம். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. பணம் எங்கே இருக்கிறதென்று அதிபருக்குத் தெரியும். கிழக்கு மாகாண சபையோ 2017 இல் கலைந்த பிறகு பல வருடங்களாகத் தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கீழ் நடந்தது.

உள்ளூர் அதிகாரத்தின் இன்னொரு வடிவம் மட்டக்களப்பு மத்தி கல்வி வலயம். காத்தான்குடி ஒரு பக்கம், ஏறாவூர் ஒரு பக்கம், ஓட்டமாவடி ஒரு பக்கம். நடுவே மற்ற வலயங்கள். நிலத்தால் தொடராத ஒரு வலயம். யுத்தம் தந்த வரைபடம் இது. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், சில நாள் கழித்து ஏறாவூரிலும் நடந்ததை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை. படுவான்கரைப் பக்கத்து முஸ்லிம் குடியிருப்புகள் காலியாகின. பாதை அடைபட்டிருந்த அந்த மாதங்களில் ஊரில் பாடசாலையைத் திறந்தவர்கள் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களும் உயர்தரம் முடித்த பொடியன்மாரும்தான். நான் அப்போது மாணவன். எனக்குக் கணிதம் சொல்லித் தந்த தொண்டர் ஆசிரியருக்கு வாரக் கடைசியில் ஊரில் சேர்த்த அரிசி கொடுக்கப்பட்டது. லெப்பைக்குக் கொடுத்த அதே அரிசி. ஊர் பாடசாலையை நடத்த முடியாது என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாதது இதனால்தான். நடத்த முடியும். எத்தனை காலத்துக்கு, யாருடைய பிள்ளைக்கு என்பதே கேள்வி.

2000 ஆம் ஆண்டையொட்டித் தர உள்ளீட்டுக்கான பணம் மாணவர் தொகையை வைத்துச் சூத்திரப்படி பாடசாலைகளுக்கு வரத் தொடங்கியது. 2006 இல் உலக வங்கியின் ஆதரவோடு பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் முன்னோடியாக ஆரம்பமானது. பாடசாலை அபிவிருத்திக் குழு, முகாமைத்துவக் குழு, ஐந்தாண்டுத் திட்டம், சிறு கொள்வனவுகளைத் தாமே செய்யும் அதிகாரம். அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஒன்றாக இருந்து முடிவெடுக்க வேண்டும். இத்தோடு பாடசாலை அறிக்கை அட்டை என்ற ஒன்றும் சில இடங்களில் பரீட்சிக்கப்பட்டது. பாடசாலையின் நிலையைப் பெற்றோருக்கு எழுதிக் கொடுத்தால் அவர்கள் நெருக்குதல் கொடுப்பார்கள், தரம் உயரும் என்ற எண்ணம். ஹர்ஷ அத்துருபான, போல் கிளெவே முதலானோர் இரண்டையும் அளந்து பார்த்து 2014 இல் வெளியிட்ட முடிவு சுவையானது. குழுக்கள் வைத்து நடத்திய பாடசாலைகளில் நான்காம் தரப் பிள்ளைகளின் கணிதமும் ஆங்கிலமும் முன்னேறின. தாய்மொழியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அறிக்கை அட்டையால் பயன் கண்டதாகத் தெரியவில்லை. உட்கார்ந்து பேசுவது உதவுகிறது. விலைப்பட்டியல் ஒட்டுவது உதவவில்லை. தமிழ் ஆசிரியனாகிய எனக்கு அந்தத் தாய்மொழி விடயம் இன்னும் உறுத்துகிறது.

நல்லது நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளின் மலசலகூடக் கதவு உடைந்து இரண்டு வருடம் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பாடசாலையில், குழு வந்த பிறகு இரண்டு கிழமையில் கதவு பொருத்தினார்கள். ஆனால் குழுவுக்கு அதிகாரம் மட்டும் வரவில்லை, பணம் தேடும் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரதான வீதியில் 1,500 பிள்ளைகள் உள்ள ஒரு பாடசாலை மாதம் தலைக்கு 100 ரூபா சேர்க்கிறது என்று வையுங்கள்: 150,000 ரூபா. வாவியோரத்தில் 120 பிள்ளைகள் உள்ள பாடசாலையில் 50 ரூபாதான் கேட்க முடியும்; கொடுப்பவர் பாதிப் பேர். ஆக 3,000 ரூபா. ஒரு பிள்ளைக்கு அங்கே 100, இங்கே 25. இதற்குமேல் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பும் பணம் எந்தப் பாடசாலைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உள்ள தமிழ்ப் பாடசாலைகளின் நிலை எங்களுடையதைவிட மோசம். ஆசிரியர் இல்லாத வகுப்பில் குழுக் கூட்டம் கூட்டி என்ன செய்வது?

பெறுபேற்றுக்குப் பணம் என்ற பழைய முறையும் வேறு உடுப்பில் திரும்பியிருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த மறுநாள் சந்திகளில் தொங்கும் பதாகைகளைப் பாருங்கள். பதாகை பெரிதானால் அடுத்த வருடம் சேர்க்க வரும் பிள்ளைகள் அதிகம், நன்கொடை அதிகம். நான் முன்னர் கற்பித்த ஒரு பாடசாலையில் சித்தி வீதம் விழக்கூடாது என்பதற்காக ஒரு மெலிந்த மாணவனைச் சாதாரண தரப் பரீட்சையை அடுத்த வருடம் எடுக்கும்படி இரக்கமாகப் பேசி அனுப்பினோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். அடுத்த வருடம் அவன் வரவில்லை. மீன் வாடியில் வேலைக்குப் போய்விட்டான். இன்றும் கண்டால் "சேர்" என்று சாரத்தை இறக்கி விடுகிறான். 1870களின் முகாமையாளரை நான் எந்த வாயால் குறை சொல்வது?

2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தபோது, அரசின் செலவு அதில் மூன்றிலொரு பங்களவில்தான் இருந்தது. அந்தக் குறையைத்தான் நம் அபிவிருத்திச் சங்கங்கள் 50 ரூபா, 100 ரூபாவாக நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

அன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். அந்த உம்மாவின் கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவர், "ஏலாதவங்க தர வாணாம், பேர் வாசிக்கவும் வாணாம்" என்றார். பணம் தராதவர்களின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கும் வழக்கம் அன்றோடு நின்றது. அதிபர், மூன்றாம் கட்டடத்துக் கூரை பற்றி வலயத்துக்கு மீண்டும் எழுதுவோம் என்றார். அதே உம்மா மறுபடி எழும்பி, "கடிதத்துல நாங்களும் ஒப்பம் வைக்கிறோம் சேர், எல்லா உம்மாமாரும்" என்றார். குறிப்புப் புத்தகத்தில் அதை ஒரு தீர்மானமாக எழுதினேன். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயரைப் போட்டு, வாசித்துக் காட்டினேன். எழுத்தைத் தானே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போனார்.